இ-பாஸோடு ஒரு பக்கக் கதையும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஐதராபாத் குகட்பள்ளியிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கத் தொடங்கியதும் எங்கள் குடியிருப்பில் ஊட்டிப் பேச்சு வந்துவிடும். பெரும்பாலும் தெலுங்குக் குடும்பங்கள். தமிழச்சி என்பதால் வழி கேட்பதும் இ-பாஸ் எடுப்பதும் என் வீட்டு வாசலில்தான். படகு, தொட்டபெட்டா, பூங்கா, சாக்லேட், வர்க்கி என்று ஓடிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஊர் எப்படி உண்டானது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

உதகையின் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் கனத்த மர உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தபோது கும்பினிப் படையோடு எங்கள் ஐதராபாத் நிஜாமின் படையும் நின்றது. நீலகிரி ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அந்தப் போரினால்தான். என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐதராபாத்காரருக்கு அந்தக் கூரை வேறொரு ஊரின் பழம்பொருள் அல்ல.

உங்கள் பதவிக்கும் இதில் பங்குண்டு. 1819இல் மலையேறிய ஜான் சல்லிவன் அன்றைய கோவை கலெக்டர். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது. உதகையில் அவர் எழுப்பிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில். ஏரியும் அவர் காலத்தில் உருவாக்கப்பட்டதே. ஆனால் அவர் ஊட்டியைக் 'கண்டுபிடித்தார்' என்று சொல்லி நிறுத்துவது அநியாயம். அது தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. கோத்தரும் குறும்பரும் இருளரும் படுகரும் அவருக்கு வெகுகாலம் முன்பே அந்த மலையில் வாழ்ந்தவர்கள்.

2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். வரும் முன்பே ஒவ்வொரு குடும்பத்தோடும் இதையெல்லாம் பேச இதைவிட நல்ல வாய்ப்பு உண்டா? அந்தச் சீட்டோடு ஊரின் கதையாக ஒரு பக்கம் சேருங்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும். 1908இல் உதகையைத் தொட்ட மலை ரயில், கல்லாறு தாண்டியதும் நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவது ஏன் என்று இரண்டு வரி போதும். தோடர் பற்றிய பகுதியைத் தோடர்களையே எழுதச் சொல்லுங்கள். கன்னேரிமுக்குக்கு வழியும் திறந்திருக்கும் நேரமும் கட்டாயம் இடம்பெறட்டும். கோத்தகிரிப் பக்கம் சில வண்டிகள் திரும்பினால் உதகையின் சேரிங் கிராஸ் நெரிசலும் கொஞ்சம் தணியும்.

தெலுங்குப் பக்கத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், எங்கள் குடியிருப்பிலேயே ஓய்வுபெற்ற தெலுங்காசிரியைகள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
குகட்பள்ளித் தமிழச்சி