நாய்க்குட்டிக்கு ஒரு டாக்டர்

பங்காருபேட்டையில் ஒரு நாய்க்குட்டியைத் தத்தெடுத்ததுமே பெங்களூரு கிளினிக்கை விசாரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் கோலார் பாலுக்கும் பட்டுக்கும் பேர்போன மாவட்டம். இங்குள்ள அரசு கால்நடை மருத்துவர்களின் பொழுது பெரும்பாலும் கறவை மாடுகளோடுதான் கழிகிறது. அதனால் என்ன? தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் அவர்களே போதும். பார்வோ வைரஸ் தாக்கி, வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் கிடக்கும் குட்டி பெங்களூருவரை சுமார் 70 கிலோமீட்டர் பயணத்தைத் தாங்குமா? நாய் நன்றாக இருக்கும்போதே பக்கத்து மருத்துவரைப் போய்ப் பாருங்கள். ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கிறாரா, புட்டியின் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டித் தருவாரா, ராத்திரியில் போனை எடுப்பாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். யாரோ தெரிந்தவர் போடும் ஊசியை ரேபிஸ் விஷயத்தில் நம்பவே கூடாது. அறிகுறி தோன்றிவிட்டால் நாயைக் காப்பாற்ற வழியில்லை, கடிபட்ட மனிதர் பிழைப்பதும் அரிதிலும் அரிது. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் பெங்களூரு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் மருத்துவர் எழுதிய சீட்டோடு போனால், அங்கே வைத்தியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.