துப்புரவுக் குழு என்றொரு சொல்

வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குள் பவளப்பாறை வளர்ப்போர் கடல் முள்ளெலியைத் 'துப்புரவுக் குழு'வில் சேர்த்துப் பேசுகிறார்கள். இந்தச் சொல்லோடுதான் நமக்குச் சண்டை.

தொட்டியில் பாசி மண்டுவது ஏன்? அளவு மீறிய தீனியால், நீரில் சேரும் நைட்ரேட்டாலும் பாஸ்பேட்டாலும். அதைக் குறைக்கச் சோம்பி முள்ளெலியை வாங்கி விடுகிறார்கள். அது மேய்கிறது. அரிஸ்டாட்டில் கூர்ந்து பார்த்து எழுதியதால் இன்றும் அவருடைய விளக்கு என்றே அழைக்கப்படும் ஐந்து பல் தாடை, பாறையையே சுரண்டக்கூடியது. பாசி தீர்கிறது. பிறகு? கண்ணாடி பளபளக்கிறது, முட்கள் உதிர, வேலையை முடித்த பிராணி பட்டினியில் சாகிறது. காய்ந்த கடற்பாசித் தாளில் ஒரு துண்டு போட்டிருக்கலாம். துடைப்பத்துக்கு யார் சோறு போடுவார்கள்? இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியையும் தின்றுவிட்டதென்று புகார் வேறு!

1983-84இல் கரீபியக் கடலில் நீள்முள் முள்ளெலிகள் நோய் கண்டு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி போர்த்திக்கொண்டது. 2022இல் மறுபடியும் அதே இனத்துக்குச் சாவு. காரணம் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி என்று 2023இல் கண்டறிந்தார்கள். ஒரு கடலின் பவளங்கள் எதை நம்பி இருந்தனவோ, அதைத்தான் நாம் துடைப்பம் என்கிறோம்.

வளர்க்கவே கூடாது என்பதல்ல நம் வாதம். மீன்நோய்க்கு ஊற்றும் தாமிர மருந்து இதற்கு நஞ்சு. உப்புச்செறிவு சட்டென மாறினால் தாங்காது. இவற்றையும், பாசி தீர்ந்தபின் உணவிட வேண்டும் என்பதையும் விற்பவர் எழுதிக் கொடுக்கட்டும். வாங்குபவர் அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.