இரண்டு விலைப்பட்டியல்களின் நகரம்

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் பல்கலைக்கழக ஆசிரியராகப் பணிபுரிகிறார். வெளிநாட்டில் ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், அதற்கு என் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார். கடிதத்தின் இறுதியில் தன் மாதச் செலவுக் கணக்கையும் எழுதியிருந்தார். பொருளியல் மாணவர் அல்லவா? வீட்டு வாடகை, தானியம், பேருந்துக் கட்டணம், குழந்தையின் பள்ளிக் கட்டணம் ஆகிய நான்கு இனங்களிலேயே ஊதியம் தீர்ந்துவிடுகிறது. உடுப்பு, மருத்துவம், பெற்றோருக்கு அனுப்பும் தொகை ஆகியவற்றுக்கு எதிரே எண் எதுவும் இல்லை. வெறும் கோடு மட்டுமே இருந்தது.

2009 முதல் 2012 வரை அந்நகரில் நான் பொருளியல் கற்பித்தேன். அந்நாடு அக்காலத்தில் புதிய பல்கலைக்கழகங்களை அடுத்தடுத்துத் திறந்தது. ஆசிரியர் பற்றாக்குறையைப் போக்க இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தென் மாநிலங்களிலிருந்து, ஏராளமான பேராசிரியர்கள் ஒப்பந்த அடிப்படையில் சென்றனர். அவர்களில் நானும் ஒருவன். எனவே, இந்த நகரைப் பற்றிய செய்திகளை நான் வெறும் புள்ளிவிவரமாகப் படிப்பதில்லை.

அடிஸ் அபாபா என்றால் 'புதிய மலர்' என்று பொருள். 1886-இல் உருவான இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. மின்விசிறி தேவைப்படாத தட்பவெப்பம். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமும், ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையமும் இங்குதான் இருக்கின்றன. இதனால் தூதர்களும் பன்னாட்டு அலுவலர்களும் பெருமளவில் வாழும் நகரமாக இது விளங்குகிறது. அவர்களின் ஊதியம் டாலரில்; நகரில் பிறந்து வளர்ந்தவர்களின் ஊதியம் 'பிர்' எனும் உள்நாட்டு நாணயத்தில். ஒரே கடைவீதியில் நடந்தாலும் இவ்விரு தரப்பினர் கையிலும் இருப்பது வேறு வேறு விலைப்பட்டியல்.

ஆண்டுதோறும் சில நிறுவனங்கள் உலக நகரங்களை வாழ்க்கைச் செலவின்படி வரிசைப்படுத்தி வெளியிடுகின்றன. அந்தப் பட்டியல்களை நாம் ஆர்வத்துடன் படிக்கிறோம். ஆனால், அவற்றில் பல, வெளிநாட்டிலிருந்து பணியமர்த்தப்படும் அலுவலர்களுக்காகக் கணக்கிடப்படுபவை. அவர்கள் வசிக்கும் அடுக்ககம், வாங்கும் இறக்குமதிப் பொருள், உண்ணும் உணவகம் ஆகியவையே அதன் கூடையில் உள்ளன. நாணய மதிப்பு சரிந்தால், டாலர் வைத்திருப்பவருக்கு அந்த நகரம் 'மலிவாகி' விடுகிறது. அதே நாளில், அதே காரணத்தால், உள்ளூர்வாசிக்கு அது மேலும் செலவுமிக்க நகரமாக மாறுகிறது. அடிஸ் அபாபாவில் 2024-இல் நிகழ்ந்தது இதுவே.

அதன் பின்னணியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நான் அங்கே சென்றபோது ஒரு டாலருக்கு ஏறத்தாழ 12 பிர். அரசு அந்த மதிப்பைக் கட்டுப்பாட்டில் வைத்து, அவ்வப்போது மட்டும் குறைத்து வந்தது. பெரும் கடன், 2020 முதல் 2022 வரை நீடித்த டிக்ரே உள்நாட்டுப் போர், ஏற்றுமதிச் சரிவு ஆகியவற்றால் அந்நியச் செலாவணி வற்றியது. 2023 டிசம்பரில், பன்னாட்டுக் கடன் பத்திரத்துக்கான 3.3 கோடி டாலர் வட்டியைக்கூட எத்தியோப்பியா செலுத்தத் தவறியது. 2024 ஜூலை இறுதியில், நாணய மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கலாம் என அறிவித்தது. அதே நாளில் சர்வதேச நிதியம் 340 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அறிவிப்புக்கு முன்பு 57 பிர் அளவில் இருந்த டாலர், சில வாரங்களில் 100-ஐக் கடந்தது. 2025-இல் 140-ஐயும் கடந்தது.

இந்த முடிவு தவறானது என்று நான் கூறமாட்டேன். அதிகாரபூர்வ மதிப்புக்கும் கள்ளச் சந்தை மதிப்புக்கும் இடையே ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு இருந்தது. மலிவு விலை டாலர் யாருக்குக் கிடைக்கும் என்பதை அலுவலகங்கள் தீர்மானிக்கும்போது, அது செல்வாக்குள்ளவர்களுக்கே முதலில் கிடைக்கும். ஏற்றுமதி செய்யும் காபி விவசாயிக்கு உரிய விலை கிடைக்காமல் போகும். அந்த ஏற்பாடு நிலைத்திருக்க முடியாது.

எனினும், ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். கைப்பேசி, அழகுசாதனப் பொருள்கள் போன்ற பல இறக்குமதிப் பொருள்களின் விலையில் கள்ளச் சந்தை டாலர் ஏற்கெனவே கலந்திருந்தது. அதிகாரபூர்வ மதிப்பில் வந்துகொண்டிருந்தவை எரிபொருள், உரம், மருந்து, சமையல் எண்ணெய் போன்றவை. எனவே, நாணயச் சரிவின் புதிய சுமை, ஏழைகளால் தவிர்க்க முடியாத இப்பொருள்களின் மீதே விழக்கூடியதாக இருந்தது. அரசு இதை உணர்ந்து சில பொருள்களுக்கு மானியம் வழங்கியது. அரசு ஊழியர் ஊதியத்தையும் உயர்த்தியது. அந்த உயர்வு போதுமானதா என்பதே இன்றைய கேள்வி.

2008-இல் எத்தியோப்பியாவின் பணவீக்கம் 40 சதவீதத்தைத் தாண்டியது. 2011-இல் அது மீண்டும் 30 சதவீதத்தைக் கடந்தது. 2022, 2023-ஆம் ஆண்டுகளிலும் 30 சதவீதத்துக்கு மேல். விலைகள் ஆண்டுக்கு 30 சதவீதம் உயர்ந்தால் மூன்றாண்டுக்குள் அவை இரட்டிப்பாகும். 2025-இல் பணவீக்கம் 15 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதை அரசு சாதனையாகக் கூறுவதில் தவறில்லை. ஆனால், பணவீக்கம் குறைவது என்றால் விலை குறைவதாகப் பொருள் இல்லை. விலை ஏறும் வேகம் மட்டுமே குறைந்திருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் ஏறிய விலைகள் ஏறியபடியே இருக்கின்றன. ஊதியமோ அந்த ஏற்றத்தை எட்டிப் பிடிக்கவில்லை.

அந்நாட்டு மக்களின் அன்றாட உணவு 'இஞ்ஜெரா'. புளிக்க வைத்த மாவில் சுடப்படும், நம் ஆப்பத்தை நினைவூட்டும் பெரிய வட்டமான உணவு. அதற்குரிய 'டெஃப்' எனும் சிறுதானியத்தின் விலை, நான் அங்கிருந்த காலத்துடன் ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்துள்ளது. தொலைதூர வயல்களிலிருந்து நகருக்கு வரும் வழியில் போக்குவரத்துச் செலவு, இடைத்தரகு, மோதல் நிகழும் பகுதிகளில் சாலைத் தடை என ஒவ்வொன்றும் விலையில் சேர்கிறது. அந்நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உணவுக்கே. எனவே, டெஃப் விலை அங்கே வெறும் தானிய விலையாக இல்லாமல், ஊதியத்தின் மெய்மதிப்பை அளக்கும் கோலாகவே இருக்கிறது.

விலையை ஆணையால் கட்டுப்படுத்த முயன்ற நாள்களையும் நான் அங்கே கண்டேன். 2011-இன் தொடக்கத்தில் சர்க்கரை, சமையல் எண்ணெய் உள்ளிட்ட பல பொருள்களுக்கு அரசு உச்ச விலை நிர்ணயித்தது. சில நாள்களில் எங்கள் தெருக் கடையிலிருந்து எண்ணெய் மறைந்தது. எங்கள் வீட்டில் சமையல் வேலை செய்த அம்மையார் காலையில் நான்கு கடைகள் ஏறி இறங்கி வெறுங்கையுடன் திரும்புவார். மாலையில், பழக்கமான கடைக்காரர் பின்வாசல் வழியாகக் கூடுதல் விலைக்குத் தருவார். சில மாதங்களிலேயே அந்தக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் அரசு கைவிட்டது. வகுப்பறையில் நான் வரைந்து காட்டிய வளைகோடுகளைவிட அந்த அம்மையாரின் நடை எனக்கு அதிகம் கற்பித்தது. கூடுதல் விலை கொடுக்க என்னிடம் பணம் இருந்தது. தம் வீட்டுக்கு எண்ணெய் வாங்க அவரிடம் இல்லை.

அடுத்தது வீடு. 1975-இல், மன்னராட்சியை அகற்றிய ராணுவ அரசு நகர்ப்புற நிலத்தையும், ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருந்த வீடுகளையும் நாட்டுடைமையாக்கியது. சிறிய வீடுகள் 'கெபலே' எனப்படும் வட்டார நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மரச்சட்டத்தில் மண் பூசிய சுவர், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை என அவை வசதியற்றவை. எனினும் வாடகை மிகச் சொற்பம். அவை அமைந்திருந்ததோ நகரின் மையத்தில். துணி துவைக்கும் பெண்ணும் இஞ்ஜெரா சுட்டு விற்பவரும் நடந்து செல்லும் தொலைவில் வேலை இருந்தது.

2000-களின் நடுவில் அரசு தொடங்கிய அடுக்ககத் திட்டம் பாராட்டுக்குரியது. அதன் முக்கியப் பிரிவில் 20 சதவீதத்தை முன்பணமாகவும் மீதியை வங்கிக் கடனாகவும் செலுத்தலாம். குலுக்கல் முறையில் ஒதுக்கீடு. லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. ஆனால், காத்திருப்போர் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. 2022-இல் நடந்த குலுக்கல், கணினித் தரவில் முறைகேடு நடந்தது தெரிந்து ரத்து செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் சேமித்தவர்களின் ஏமாற்றத்தை எந்தக் குறியீடு அளக்கும்?

2024 முதல் நகரின் முகம் வேகமாக மாறி வருகிறது. சாலைகளை அகலப்படுத்தி, நடைபாதை, மிதிவண்டித் தடம், பூங்கா, விளக்குகள் அமைக்கும் பெருந்திட்டம் நடைபெறுகிறது. பழைமையான பியாசா பகுதியின் பல தெருக்கள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்களில் பலர் நகரின் ஓரங்களுக்கு இடம்பெயர்ந்தனர். நல்ல நடைபாதை வேண்டாம் என யாரும் கூறமாட்டார்கள். புதிய வீட்டில் தனிக் கழிப்பறை இருப்பதும் முன்னேற்றமே. ஆனால், வேலை மையத்தில், வீடு ஓரத்தில் என்றானபின் தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் பயணத்தில் கழிகிறது. 2015-இல் சீனக் கடனுதவியுடன் இயங்கத் தொடங்கிய இலகு ரயிலின் பெட்டிகள் பல, உதிரிபாகம் இன்றி முடங்கின. நீல-வெள்ளை சிற்றுந்துகளுக்கான வரிசை நீள்கிறது.

இடமாற்றத்தில் கணக்கில் வராத இன்னொரு இழப்பும் உண்டு. அங்கே 'எகுப்' என்றொரு வழக்கம். அது நம் ஊர் குலுக்குச் சீட்டேதான். 'இதிர்' என்பது துக்க வீட்டுக்குக் கூடாரம், நாற்காலி, உணவு, ரொக்கம் என அனைத்தையும் அண்டை வீட்டாரே திரட்டித் தரும் சங்கம். வங்கிக் கடனோ காப்பீடோ எட்டாத குடும்பங்களுக்கு இவ்விரண்டுமே அரண். ஒருவரையொருவர் பல்லாண்டு அறிந்திருப்பதுதான் இவற்றின் மூலதனம். ஒரு தெருவைக் கலைத்து அதன் குடும்பங்களை ஐந்து திசைகளில் குடியமர்த்தும்போது, அந்த மூலதனம் கரைகிறது. இழப்பீட்டுப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இவற்றால் மிகவும் நலிந்திருப்பது மாத ஊதியம் பெறும் நடுத்தர வர்க்கம். வணிகர் விலையை உயர்த்திக்கொள்ளலாம். வீட்டு உரிமையாளர் வாடகையைக் கூட்டலாம். ஆசிரியரும் செவிலியரும் அரசின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டும். 2025 மே மாதம் அந்நாட்டு மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். பலர் கைது செய்யப்பட்டனர். பல ஆண்டுகள் படித்த மருத்துவர், தன் ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை எனத் தெருவுக்கு வருவது வெறும் தொழிற்சங்கப் பிரச்னை ஆகாது.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. நாணயச் சீர்திருத்தம் செய்யும் அரசு, ஆசிரியர், மருத்துவர் ஊதியத்தை விலைவாசியுடன் இணைக்கும் விதியையும் அதே நாளில் அறிவித்திருக்க வேண்டும். நம் நாட்டில் அகவிலைப்படி செய்யும் பணி அதுவே. வாடகை உயர்வைக் கட்டுப்படுத்த 2024-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் பெருகாவிட்டால், 2011-இல் எண்ணெய்க்கு நேர்ந்ததே வீட்டுக்கும் நேரும். மையப் பகுதியில் எழும் புதிய கட்டடங்களில் ஒரு பங்கையேனும் அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு ஒதுக்கலாம். அழகுபடுத்தப்பட்ட சாலைகளில் முதல் உரிமையைப் பேருந்துக்கு வழங்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நகரில் நானும் முதல் விலைப்பட்டியலில் வாழ்ந்தவன்தான். ஒரே துறையில், ஒரே பாடத்தை நடத்திய உள்ளூர் ஆசிரியரைவிட என் ஊதியம் பல மடங்கு. 2010-இல் பிர் மதிப்பு குறைக்கப்பட்டபோது, என் நண்பர்கள் கவலையுடன் பேசிக்கொண்டிருக்க, ஊருக்கு அனுப்பிய பின் மீதமிருந்த என் டாலர்களுக்குக் கூடுதல் பிர் கிடைக்கும் என்று நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அன்று அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை.

ஆசிரியர்கள் இல்லை என்பதால் என்னை அந்நாடு அழைத்தது. நான் கற்பித்த ஒருவர் ஆசிரியரானார். இன்று அவர் வெளியேற என்னிடமே கடிதம் கேட்கிறார். இரண்டு நாள்கள் யோசித்து, எழுதி அனுப்பிவிட்டேன். அவருடைய குடும்பக் கணக்கைப் பார்த்த பிறகு மறுக்க எனக்கு உரிமையில்லை. அவர் சென்றுவிட்டால், அந்த வகுப்பறையில் அவருடைய இடத்தில் நிற்கப் போவது யார் என்பதுதான் தெரியவில்லை. ஒரு நகரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க விரும்புவோர், அதன் ஆசிரியர்கள் அங்கே தங்க விரும்புகிறார்களா என்பதிலிருந்து தொடங்கலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).