கரை வேட்டி கொடியில் கிடக்கட்டும், பச்சைத் துண்டை எடுங்க!



ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜெயித்த கட்சிக்காரர் வாசலில் பட்டாசுக் காகிதம் கிடக்கும். தோற்ற கட்சிக்காரர் நாலு நாளைக்கு டீக்கடைப் பக்கம் வரமாட்டார். பால் சொசைட்டியில் கேனை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார். பங்காளி வீட்டில் எழவு விழுந்தால்கூட மூன்றாம் நாள் காட்டு வேலைக்குப் போகிறவர், கட்சி தோற்றால் ஒரு மாசம் எழுந்திருப்பதில்லை.

நம் கிளை ஒன்றில் அண்ணன் தம்பி இருவர். அப்பன் காலத்துக் கிணறு பொது, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அண்ணன் ஒரு கட்சி, தம்பி இன்னொரு கட்சி. முடிவு வந்த அன்றைக்குத் தம்பி அண்ணன் வீட்டு முன்னால் சரவெடி வைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை. கேட்டால், "இனி எவனைக் கேட்டு என்னங்க ஆகப்போகுது" என்கிறார். தம்பியும் வருவதில்லை. "நம்ம ஆளுங்கதானுங்க ஜெயிச்சிருக்காங்க, உடனே மனுவைத் தூக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும், கொஞ்சம் பொறுங்க" என்கிறார். தோற்றவரும் வருவதில்லை, ஜெயித்தவரும் வருவதில்லை என்றால் சங்கம் எங்கே இருக்கிறது?

இவர்கள் இரண்டு பேரை மட்டும் சொல்லி என்ன? ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் எல்லாக் கிளையிலும் இதுதான் கதை. அதனால்தான் இந்த முறை உரத்தட்டுப்பாட்டையும் தேங்காய் விலையையும் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

தோல்வி என்றால் 2004-ஐத்தான் முதலில் பேச வேண்டும். அதற்கு முந்தின வருசம் இலவச மின்சாரத்தை நிறுத்தி, குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று கட்டணம் போட்டார்கள். நாம் மனுக் கொடுத்தோம், மறியல் செய்தோம், கைதாகிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டு வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. 2004 மே 13-ல் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. ஆண்ட அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதியும் புதுச்சேரியும் சேர்த்து நாற்பதிலும் தோற்றது. மே 18-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார்: விவசாயிகளுக்கு மறுபடியும் இலவச மின்சாரம். அஞ்சே நாள்! ஒரு வருசமாகக் காதில் விழாத சத்தம், பெட்டியைத் திறந்து எண்ணியதும் விழுந்துவிட்டது.

அந்தக் கட்சிக்கே காலங்காலமாக ஓட்டுப் போட்டு வந்த விவசாயி அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்? தன் கட்சி தோற்றதற்கு அழுதிருப்பார். தன் மோட்டாருக்கு விடுதலை வந்தது அந்தத் தோல்வியால்தான் என்பதை எத்தனை பேர் யோசித்தோம்?

கட்டுத்தறியில் நிற்கிற மாட்டுக்கு யாரும் விலை பேசுவதில்லை. சந்தைக்கு ஓட்டி வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். உவமை கசப்பாக இருக்கலாம், மன்னியுங்கள். ஆனால் 'இவன் ஓட்டு எங்கும் போகாது' என்று தெரிந்துவிட்டால் எந்தக் கட்சியும் அந்த வீட்டுப் படியேறிக் கேட்காது. கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் வந்தது, தேர்தல் வாக்குறுதியாக. 2021-ல் 12,110 கோடி ரூபாய்க்கு வந்தது, பிப்ரவரி மாசம், தேர்தலுக்கு இரண்டே மாசம் இருக்கும்போது. அறிவித்தவர்கள் வேறு வேறு கட்சி, காரணம் ஒன்றுதான். நம் மேல் பாசமல்ல, ஓட்டுப் பயம்.

"அப்படியானால் நாமே கட்சி ஆரம்பித்து நின்றால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல ரோசம்தான். ஆனால் அந்தப் பாதையில் நாம் நடந்து பார்த்தவர்கள். அதை மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை.

வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு அய்யா காலத்தை நினைத்துப் பாருங்கள். 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராட்டம். பெருமாநல்லூரில் மூன்று பேர் குண்டுக்குப் பலியானார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரத்தையே மறித்தோம். அந்த வருசப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 15 உயிர் போனது. இன்றைக்கும் ஜூலை 5-ல் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறோமே, அவர்களுக்குத்தான். அப்போது சங்கத்தில் காங்கிரஸ்காரன் இருந்தான், தி.மு.க.காரன் இருந்தான், கம்யூனிஸ்ட் இருந்தான், கட்சியே வேண்டாம் என்றவனும் இருந்தான். வண்டியைப் பூட்டும்போது எவனும் கட்சியைக் கேட்கவில்லை. சிறு விவசாயிக்கு 1984-லும், எல்லா விவசாயிக்கும் 1990-லும் இலவச மின்சாரம் வந்தது. முதலில் கொடுத்தது அ.தி.மு.க. ஆட்சி, முழுதாகக் கொடுத்தது தி.மு.க. ஆட்சி. இரண்டு மேடையிலும் இன்றுவரை 'நாங்கள் கொடுத்தோம்' என்கிறார்கள். வாங்கியவன் ரத்தம் கொடுத்து வாங்கினான் என்பதை எந்த மேடையும் சொல்வதில்லை.

1982-ல் சங்கம் கட்சியானது. இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சி என்று பெயர். அய்யாவின் நோக்கத்தில் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. எத்தனை முறைதான் கோட்டை வாசலில் நிற்பது, உள்ளே போய்விடலாமே என்று நினைத்தார். ஆனால் சங்கம் கட்சியான அன்றே, மற்றக் கட்சியில் இருந்த விவசாயி தயங்க ஆரம்பித்தான். நேற்று வரை 'நம்ம சங்கம்' என்றவனுக்கு அது 'எதிர்க்கட்சி' ஆகிவிட்டது. 1984 டிசம்பர் 21-ல், தேர்தல் வேலையாகச் சென்ற கோவில்பட்டியில் அய்யா காலமானார். ஓட்டுப் பதிவுக்குச் சில நாளே இருந்த நேரம். கட்சி நிலைக்கவில்லை. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை, சங்கமும் பல துண்டானது. ஒரே பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு எத்தனை சங்கம் இன்றைக்கு! அதில் நாமும் ஒன்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அப்புறம் 1996, மொடக்குறிச்சி. நம் கோரிக்கையை எவரும் கேட்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்பு மனுப் போட்டார்கள். களத்தில் 1,033 பேர்! ஓட்டுச்சீட்டு புத்தகம் மாதிரி ஆனது, தேர்தலையே தள்ளி வைத்து நடத்தினார்கள். நாடே திரும்பிப் பார்த்தது, அதுவரைக்கும் வெற்றிதான். ஆனால் எண்ணியபோது தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். நம் ஆட்கள் டெபாசிட் இழந்தார்கள். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்களில் வெளித்தொகுதிக்காரர்களை விட்டுவிடுவோம். உள்ளூர்க்காரர் கை சாவடிக்குள் எந்தச் சின்னத்துக்குப் போனது என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். பகலில் பச்சைத் துண்டு, மறைவுக்குள் கட்சிச் சின்னம். இதை எழுதுகிற எங்களில் சிலரும் அந்தக் கணக்கில் வருவோம். அதே வருசம் சட்டம் திருத்தி, சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். இன்றைக்கு அது 10,000.

2009-ல் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் வந்தபோதும் நம் ஆட்கள் நிறைய பேர் ஓடினார்கள். கோவை மக்களவைத் தொகுதியில் அதற்கு ஒரு லட்சத்து 28 ஆயிரம் ஓட்டு. ஜெயித்தவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் வித்தியாசம் 39 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு இடமும் கிடைக்காவிட்டாலும் எல்லாக் கட்சியும் கொங்குப் பக்கம் திரும்பிப் பார்த்த நேரம் அது. அந்த மிரட்டலை வைத்துக்கொண்டு ஏதாவது வாங்கியிருக்கலாம். 2011-ல் தி.மு.க. கூட்டணியில் ஏழு இடத்தில் நின்று ஏழிலும் தோற்றது, 2013-ல் உடைந்தது. ஒரு சாதிக் கட்சி என்ற பெயரும் விழுந்தது. நம் காட்டில் வேலை செய்கிறவரும் குத்தகைக்கு ஓட்டுகிறவரும் அதைத் தன் கட்சியாக நினைக்கவில்லை. உடைந்து வந்த கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 2019-ல் நாமக்கல்லில், 2021-ல் திருச்செங்கோட்டில், 2024-ல் மறுபடி நாமக்கல்லில் ஜெயித்தது, உதயசூரியன் சின்னத்தில். கொங்கு இளைஞர் பேரவைத் தனியரசு 2011-லும் 2016-லும் இரட்டை இலையில் ஜெயித்தார். இவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கிய சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தச் சின்னத்துக்காரர் கட்சியின் உறுப்பினர். கொறடா சொன்னபடி கை தூக்காவிட்டால் பதவி போய்விடும். நமக்காக எழுந்து நிற்க நினைத்தாலும் எவ்வளவு தூரம் நிற்க முடியும், சொல்லுங்கள்?

பஞ்சாப்காரர்கள் கதையும் இதுதான், இன்னும் சுருக்கமாக. 2020 நவம்பரிலிருந்து டெல்லி எல்லையில் ஒரு வருசம் உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சித் தலைவரையும் தங்கள் மேடையில் ஏற்றவில்லை. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் தேர்தல் நெருங்கிய நேரம், 2021 நவம்பர் 19-ல் மூன்று சட்டத்தையும் வாபஸ் வாங்குவதாகப் பிரதமரே அறிவித்தார். அடுத்த மாசமே பஞ்சாபின் 22 சங்கங்கள் சேர்ந்து கட்சி ஆரம்பித்தன. 2022 பிப்ரவரித் தேர்தலில் ஒரு இடமும் இல்லை. முன்னணித் தலைவர் பல்பீர் சிங் ராஜேவாலே டெபாசிட் இழந்தார். டெல்லியைப் பணிய வைத்தவர்களுக்குச் சொந்த ஊரில் டெபாசிட் இல்லை! ஆட்கள் அதே ஆட்கள்தான். பந்தலில் உட்கார்ந்தபோது எல்லாக் கட்சிக்காரனும் அவர்களோடு இருந்தான். சின்னம் கேட்டபோது அவனவன் தன் சின்னத்துக்குப் போய்விட்டான்.

கொங்கு ஒரு கட்சியின் கோட்டை என்பார்கள். 2021-ல் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. அணிக்கு. 2024-ல் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு எல்லாம் தி.மு.க. அணிக்கு. தென்னையில் உட்கார்ந்த வெள்ளை ஈ இரண்டு தடவையும் அசையவில்லை. வாடல் நோயும் அப்படியே. உயர்மின் கோபுரத்துக்காகக் காட்டை இழந்தவர்களைக் கேளுங்கள், 'எங்க ஆட்சி வரட்டும்' என்றவர்களை எத்தனை பேரைப் பார்த்தோம் என்று கணக்குச் சொல்வார்கள்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்ட திட்டம். 2016-ல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தோம். 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் வைத்தார், 2024 ஆகஸ்ட் 17-ல் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். பவானியின் உபரித் தண்ணீர் ஒன்றரை டி.எம்.சி., 1,045 குளம் குட்டைக்கு. ஒரு ஆட்சியில் ஆரம்பித்து மறு ஆட்சியில் முடிந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் இரண்டு பக்கமும் விடாமல் கேட்டதுதான். 2025 பிப்ரவரியில் அன்னூரில் விவசாயிகள் எடுத்த பாராட்டு விழாவில் என்ன நடந்தது? எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படம் மேடையில் இல்லை என்று செங்கோட்டையன் வரவில்லை. அடுத்த நாள் பத்திரிகை முழுக்கப் படத்தைப் பற்றித்தான் செய்தி. குளத்தில் தண்ணீர் வந்ததா, எந்தக் குட்டைக்கு வரவில்லை என்று ஒரு வரி இல்லை. விழா நம் விழா, சண்டை அவர்கள் சண்டை. அந்த வருசமே அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, நவம்பரில் விஜய் கட்சியில் சேர்ந்தார். ஐம்பது வருசம் இருந்தவரே வேறு கொடி பிடிக்கிறார். நம்ம அண்ணனும் தம்பியும் கிணற்று மேட்டில் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள்.

ஆகவே, நம் செயற்குழுவில் பேசி முடிவெடுத்ததைச் சொல்கிறோம். சங்கம் கட்சி ஆகாது, எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்காது. உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், அது அவர் பிறப்புரிமை. கரை வேட்டி கட்டுங்கள், கொடி பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கிளைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் கட்சிப் பொறுப்பில் இருக்கக் கூடாது. இது பழைய விதிதான். எழுத்தில் இருந்தது, நடப்பில் இல்லை. இரண்டிலும் இருப்பவர்கள் ஒன்றை விட வேண்டும். எங்களில் இருவர் கட்சிப் பொறுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஒருவர் சங்கப் பொறுப்பை விட்டுவிட்டார். வருத்தம் இல்லை, அவர் உறுப்பினராகத் தொடர்கிறார்.

இன்னொன்று. முடிவு வந்த பதினைந்து நாளுக்குள் ஜெயித்தவரிடமும் இரண்டாவதாக வந்தவரிடமும் ஒரே கோரிக்கை மனுவைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவரிடம் அவர் கட்சிக்காரரான நம் உறுப்பினரே முன்னால் நின்று கொடுக்க வேண்டும். தோற்றவரிடம் எதற்கு என்று கேட்காதீர்கள். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர் அவர்தான். அதுவரை சட்டமன்றத்துக்கு வெளியே நின்று பேசவும் அவருக்கு நேரம் நிறைய இருக்கும்.

வருகிற அமாவாசை அன்று ஏர் பூட்டுவதில்லை அல்லவா, அன்றைக்குச் சாயங்காலம் எல்லாக் கிளையிலும் கூட்டம். நோய் தாக்கிய தென்னை எத்தனை, தண்ணீர் வராத குட்டை எது, மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்து எத்தனை வருசமாச்சு என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கட்சித் துண்டு போட்டு வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம். மாட்டிவிட்டு உள்ளே வந்து, போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அண்ணன் தம்பி கிணற்று மோட்டார் லோ வோல்டேஜில் காயில் போய் ஒன்பது நாள் ஆகிறது. இணைப்பு அப்பன் பேரில் இருப்பதால் டிரான்ஸ்பார்மர் கேட்கும் மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மனுவை எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். சந்தா ரசீதுப் புத்தகமும் அவரிடமே இருக்கிறது.