சீசரின் சாடியா, ஏழையின் சட்டியா?

ஜெர்மனி நாட்டிலே, ரைன் ஆற்றங்கரையிலே, ஓர் உணவுக்குப் பெரும்புகழ். சாவர்பிராட்டன் என்பர். காடியில் பல நாள் ஊறிய மாட்டிறைச்சியைச் சட்டியிலிட்டு மூடி, இளந்தீயில் நெடுநேரம் வேகவைத்து ஆக்குவது. பண்டத்திலே உள்ள புளிப்பு சுவைக்கிறது. அதற்குப் பிறப்புக் கற்பித்தோர் கட்டிய கதையோ புளித்தே போய்விட்டது!

ஜூலியஸ் சீசர், மதுவில் ஊறவைத்த இறைச்சியைச் சாடி சாடியாக ஆல்ப்ஸ் மலை கடத்தி, புதிதாய் அமைந்த கொலோன் குடியேற்றத்திற்கு அனுப்பினானாம். அதைப் பார்த்துக் கற்றதாம் இச்சமையல்! சீசர் குத்துண்டு மாண்டது கி.மு. 44-இல். கொலோன், உரோமக் குடியேற்ற நகர் எனும் தகுதி பெற்றது கி.பி. 50-இல். செத்தவன் சாடி அனுப்பினானா? பிள்ளைகட்கு ஆண்டுக்கணக்குக் கற்பிக்கும் நாம் இவ்விடைக்கு எத்தனை மதிப்பெண் வழங்குவது!

சீசர் கைவிட்டால் சார்லமேன் இருக்கிறான். விருந்திலே மிஞ்சிய இறைச்சியைக் காக்க அவன் கண்ட வழியாம் இது. நாடு பிடித்தான், முடி தரித்தான், அடுப்பும் ஊதினான் போலும்!

மன்னர்களை விடுத்துச் சட்டிக்குள் நோக்குவோம். காடி, வெங்காயம், மிளகு, இலவங்கம், பிரிஞ்சி இலை. இவற்றிலே மூன்று நாள் முதல் பத்து நாள்வரை இறைச்சி கிடக்கிறது. ஏன்? இளங்கன்றின் மெல்லிய தசைக்கு இத்தனை பாடு வேண்டுமோ? வேண்டியது முதிர்ந்த விலங்கின் முரட்டுத் தசைக்கு! பனிப்பெட்டி இல்லாக் காலத்தில் கெடாமலும் காத்தது காடி. ரைன் நாட்டார் முன்னாளில் இவ்வாறு ஊறவைத்தது பெரும்பாலும் குதிரை இறைச்சி. குதிரை தின்பதை ஒடுக்குமாறு 732-ஆம் ஆண்டளவிலேயே போப் மூன்றாம் கிரிகோரி, போனிபாசுக்கு மடல் விடுத்தார். மடல் ரோமிலிருந்து வந்தது. பசி வீட்டிலேயே இருந்தது! புளிப்பை அடக்க உலர்திராட்சையும், குழம்பைத் திரட்ட மசாலை மணக்கும் தேன்ரொட்டித் தூளும் சேர்த்த கைத்திறனை எந்தப் பேரரசன் கற்றுக் கொடுத்தான்?

இன்று அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான்; குதிரையிலேயே ஆக்கித்தரும் உணவகங்களும் சில உண்டு. உருளைக்கிழங்கு உருண்டையும் செங்கோசும் துணைவர, தட்டு மேசைக்கு வருகிறது. சீசர் பெயரும் கூடவே வருகிறது. நாள்தோறும் அவ்விறைச்சியைக் காடியிலே புரட்டிப் புரட்டிப் போட்டவளின் பெயர் எங்கே?