அறுவைக்கு முன் ஒரு படம்

புராஸ்டேட் புற்றுநோய் என்றதும், உடனே அறுவை செய்துவிடலாம் என்று குடும்பத்தார் பதறுவது இயல்பே. ஆயினும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் காலதாமதம் எனக் கருதலாகாது. நோய் சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பையை எட்டியதா என்பதை அது பெரும்பாலும் காட்டிவிடும். விறைப்புக்குரிய நரம்புகளைக் காக்க இயலுமா, கதிர்வீச்சே மேலானதா என்பன அதைப் பொறுத்தவை. திசுப் பரிசோதனையில் கசிந்த இரத்தம் படத்தைக் குழப்பும். எனவே மருத்துவர் 6 முதல் 8 வாரம் பொறுக்கச் சொன்னால் அஞ்சவேண்டியதில்லை, இந்நோய் பெரும்பாலும் மெல்ல வளர்வது. நிணநீர்க் கணுக்களில் நுண்ணிய பரவல் இருப்பின் இப்படத்திலும் தப்பக்கூடும். சிலருக்குப் பெட் ஸ்கேனும் தேவைப்படும்.

வியாசர்பாடி, எண்ணூர்ப் பட்டறைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்கள், கண்ணில் எப்போதேனும் இரும்புத்துகள் பாய்ந்திருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் கருவியின் காந்தம் அதை அசைத்துவிடும்.