பின்னலூசியும் பைந்தமிழும்

தமிழாசிரியருக்குத் தொப்பி பின்னுவதில் என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். அதிலும் குளிரே அறியாத மலேசியாவில்! கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும் இரண்டு நாளைத் தவிர நமக்குக் கம்பளித் தொப்பி எதற்கு? பருத்தி நூலில் பின்னினால் பச்சிளங் குழந்தைக்கு ஆகும் என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வேறு. இரு நிறத் தொப்பி ஒன்றைக் குறுவரிசை முறையில் பின்னுவது எப்படி என்பதை ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கலவாமல், ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு விளங்கும்படி தமிழில் சொல்ல முடியும். சொல்லவும் வேண்டும்.

"இதற்கெல்லாம் தமிழில் சொல் ஏது?" என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியபோது அதை நம்மவர் வாயிலிருந்தே கேட்டேன். அக்கொள்கையைக் கைவிடுவதென 2009இல் அரசு முடிவெடுத்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே கேள்வி மீண்டும் தலைதூக்கியது. இதற்குப் பெரிய பெரிய கலைச்சொற் பட்டியல்களைக் காட்டி விடை கூறுவோர் உளர். நான் ஒரு தொப்பியைக் காட்டுகிறேன்.

முதலில் சொற்கள். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு 'கண்ணி'. இது நான் படைத்த சொல் அன்று. வலை பின்னும் மீனவர் எக்காலமும் வழங்கி வருவது. ஒரு முறை போய் ஒரு முறை திரும்பிப் பின்னினால் துணியின்மேல் ஒரு மேடு எழும். வயலைப் பார்த்தவர் அதை 'வரப்பு' என்றுதான் சொல்வார். நம் தொப்பிக்கு ஆறு பகுதிகள்; ஒவ்வொன்றும் ஒரு 'சுளை'. ஈப்போ பம்பளிமாசை உரித்துத் தின்ற பிள்ளைக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இனிச் செய்முறை. இரண்டு ஊசிகள், ஒரே தடிப்புள்ள இரண்டு நூல்கள். சிவப்பும் கறுப்பும் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு நூலால் 36 கண்ணிகள் ஏற்றுக. இது தொப்பியின் சுற்றளவு அன்று, விளிம்பிலிருந்து உச்சிவரை உள்ள உயரம். இத்தொப்பி கீழிருந்து மேலே வளர்வதில்லை. தலையைப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வளர்கிறது. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே வகைப் பின்னல்தான்.

விளிம்பில் தொடங்கி 36 கண்ணிகளையும் பின்னி, திரும்பி விளிம்புக்கே வந்தால் முதல் வரப்பு. அடுத்துக் கறுப்பு நூலை எடுத்து 35 கண்ணிகள் மட்டும் பின்னுக. உச்சியிலுள்ள கடைசிக் கண்ணி பின்னப்படாமல் ஊசியிலேயே காத்திருக்கட்டும். வெறுமனே திரும்பினால் அவ்விடத்தில் ஓட்டை விழும். ஆகவே காத்திருக்கும் கண்ணியின் கழுத்தில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தச் சுற்று வரப்புக்குள் மறைந்துவிடும். இதுதான் குறுவரிசை. பிறகு சிவப்பில் 34, கறுப்பில் 33 என்று குறைந்துகொண்டே வந்து, 15ஆம் வரப்பில் 22 கண்ணிகள். ஒரு சுளை முடிந்தது. அடுத்த சுளையின் முதல் வரப்பு, காத்திருந்த 14 கண்ணிகளையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் 36இல் தொடங்கும். நிறம் மாறுவது எப்போதும் விளிம்பில்தான் என்பதால் நூலை அறுக்க வேண்டா. ஓரத்திலேயே மேலேற்றிக் கொண்டு போகலாம்.

சுளைகள் ஏன் ஆறு? இந்தக் கேள்விக்காகவே இத்தொப்பியை எனக்குப் பிடிக்கும். இவ்வகைப் பின்னலில் ஒரு வரப்பின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறக்குறையச் சமம். உச்சியில் கூடுவன 6 வரப்புகள். ஒரு கண்ணி கீழே இறங்கினால் 12, அடுத்து 18. இப்படியே 15ஆம் கண்ணியில் 90 ஆகிவிடும். தட்டையான வட்டமாக இருந்தால் ஆரம் ஒன்று கூடும்போது சுற்றளவு 6.28 கூட வேண்டும். நாம் கொடுப்பது ஆறு மட்டுமே. அந்தச் சிறு பற்றாக்குறைதான் துணியை இலேசாகக் குவியச் செய்கிறது. தலையும் தட்டை இல்லையே! வட்டத்தின் சுற்றளவு இடைநிலைப்பள்ளிப் பாடம். ஆனால் அதைக் கையால் தடவி அறிய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பத்துச் செண்டிமீட்டருக்கு 18 கண்ணிகள் விழும் நூலானால் விளிம்பு 50 செண்டிமீட்டர் வரும், உயரம் 20. தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் தலைக்குப் போதும்.

எந்த நிற நூல் அதிகம் செலவாகும் என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். முதற்சுளையில் சிவப்புக்கு எட்டு வரப்புகள், கறுப்புக்கு ஏழு. போகும் வழிக் கண்ணிகளை மட்டும் எண்ணினால் 232க்கு 203. ஆகவே சிவப்பு என்பர். ஆனால் 15 ஒற்றைப்படை எண். இரண்டாம் சுளை கறுப்பில் தொடங்கும். ஆறு சுளைகளும் முடியும்போது இரண்டும் 1305. திரும்பும் வழியையும் சேர்த்தால் தொப்பி முழுவதற்கும் 5220 கண்ணிகள். இக்கணக்கைப் பயிற்சி நூலில் கொடுத்தால் கொட்டாவி விடும் மாணவன், நூல் போதுமா என்ற கவலை வந்ததும் தானே கூட்டிப் பார்ப்பான்.

மாணவன் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள தாக்கிலே தீவில் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. அத்தீவின் நெசவுக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. நம் பள்ளிகளில் ஊசியையும் நூலையும் கண்டால் ஆண் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பதற்கு நாம் அல்லவா காரணம்?

ஜப்பானியர் பின்னல் குறியீடுகளைத் தம் நாட்டுத் தொழில்தரத்திலேயே வகுத்து வைத்துள்ளனர். படத்தைப் பார்த்தே பின்னலாம். அப்படியானால் மொழியே தேவையில்லையே என்று வாதிடலாம். படம் செய்ய வேண்டியதைக் காட்டும், நேர்ந்துவிட்டதைச் சொல்லாது. "கண்ணி நழுவிப் போயிற்று, மூன்று வரப்புக்குக் கீழே" என்று ஒரு பிள்ளை சொல்லும்போதுதான் ஆசிரியரால் உதவ முடிகிறது. அப்படிச் சொல்ல அதற்குத் தன் மொழியில் சொல் வேண்டும்.

ஒன்றிரண்டு சொற்கள் இன்னும் எனக்கு நிறைவாக அமையவில்லை. கடைசிச் சுளையைத் தொடக்க வரிசையோடு இணைக்கச் சாதாரணத் தையலே போதும். கை பழகியவர் கண்ணியோடு கண்ணி கோத்துத் தடமே தெரியாமல் சேர்த்துவிடுவர். அதற்கு 'ஒட்டுக்கண்ணி' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஒட்டு மாங்கன்றை நினைத்துக்கொண்டு. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமேனும் இருக்கக்கூடும். உச்சியில் கூடும் ஆறு வரப்பு நுனிகளையும் ஒரே நூலில் கோத்து இறுக்குவதற்கு மட்டும் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. சுருக்குப்பை நம் பாட்டிமார் இடுப்பிலேயே இருந்தது.